திறந்தவெளி இசைவிழாவுக்கு வீல்சேரில் போய் வந்தேன்

மூன்று நாள் இசைவிழா முடிந்து வீடு திரும்பி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. தோள்பட்டை வலி இப்போதுதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முன்சக்கரங்களின் அச்சில் சுற்றிக்கொண்ட புல்லும் முடியும் காய்ந்த சேறும் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை, மனசு மட்டும் அந்தத் திடலிலேயே கிடக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிளம்புவதற்கு முன்னால் நான் தேடித் தேடிப் படித்தபோது எனக்கு வேண்டியது எங்கேயும் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதிகள் உண்டு" என்ற ஒரு வரி எல்லா அறிவிப்பிலும் இருக்கிறது. என்ன வசதி, அது வாசலிலிருந்து எவ்வளவு தூரம், போகிற வழியில் தரை எப்படி இருக்கும், மழை பெய்தால் என்ன செய்வார்கள், இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 12 வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டது. மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கையால் தள்ளும் வீல்சேர். அடிபடுவதற்கு முன் இந்த மாதிரி விழாக்களில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றவள் நான், விடிய விடிய நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் உள்ளரங்கக் கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேனே தவிர, திறந்தவெளி விழா இதுதான் முதல். தங்கையும் இரண்டு சிநேகிதிகளும் கூட வந்தார்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டேன். வீல்சேரில் இருப்பவர்கள் ஏறி உட்கார்ந்து பார்க்க உயரமான பார்வை மேடை இருக்கிறது என்றார்கள், கழிப்பறை இருக்கிறது என்றார்கள், துணைக்கு வருபவருக்கு டிக்கெட் தேவையில்லை என்றார்கள். எல்லாம் நல்லது. வாசலிலிருந்து பார்வை மேடை வரை தரை எப்படி என்று கேட்டதற்கு மட்டும் "சமதளம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அதை நம்பினேன். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, நடந்து போகிறவர் கண்ணுக்கு அது சமதளம்தான். செருப்பு போட்ட காலுக்கு ஒரு சின்னப் பள்ளம், ஒரு புல் மேடு, கேபிளை மூடியிருக்கிற ரப்பர் திண்டு, இவை எதுவும் தெரியவே தெரியாது. எனக்கு ஒவ்வொன்றும் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன். கையால் தள்ளும் வீல்சேரில் பின்னால் இரண்டு பெரிய சக்கரம், சைக்கிள் சக்கரம் மாதிரி. முன்னால் உள்ளங்கை அளவுக்கு இரண்டு சின்னச் சக்கரம், எந்தப் பக்கமும் திரும்பும்படி. வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் சட்டென்று வளைந்து திரும்ப அந்தச் சின்னச் சக்கரம்தான் கைகொடுக்கிறது. மண்ணிலும் புல்லிலும் அதே சக்கரம்தான் வில்லன். அகலம் குறைவு, விட்டம் குறைவு, அதனால் உடம்பின் எடை கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே நிலத்துக்குள் இறங்கிவிடும். இரண்டு அங்குல உயரத் திண்டு பெரிய சக்கரத்துக்கு ஒன்றுமே இல்லை, சின்னச் சக்கரத்துக்கு அது சுவர். முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் நின்று தாண்டலாம், நான் பழகியிருக்கிறேன், ஆனால் கூட்டத்துக்கு நடுவில் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அதைச் செய்வது பயம்தான். கால்பலகைக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் மூன்றாவது சக்கரம் ஒன்று கிடைக்கிறது, அது சின்னச் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிடும். இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அது இல்லையென்றால் முதல் நாளே திரும்பியிருப்பேன்.

முதல் நாள் தரை காய்ந்திருந்தது. காய்ந்த புல்லில் தள்ளுவது மேட்டில் தள்ளுவது மாதிரி, நிறுத்தினால் அப்படியே நின்றுவிடும், சறுக்கிக்கொண்டு போவது என்பதே கிடையாது. வாசலிலிருந்து பெரிய மேடை வரை எல்லோரும் பத்து நிமிடத்தில் நடந்தார்கள். எனக்கு நாற்பது நிமிடம். பாதி வழியில் தங்கை "நான் தள்ளட்டுமாக்கா?" என்றாள், வேண்டாம் என்றேன், கொஞ்ச தூரம் போய் "சரி, தள்ளு" என்றேன்.

பார்வை மேடையைக் குறை சொல்ல மாட்டேன். அழகாகக் கட்டியிருந்தார்கள். 3 அடி உயரம், சாய்தளம் நீளமாக, நடுவில் திரும்பி மூச்சு வாங்க ஒரு தட்டையான இடம். பலர் இதில்தான் கோட்டை விடுவார்கள். ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பதுதான் பல நாடுகளில் கடைப்பிடிக்கும் கணக்கு. அதன்படி 3 அடி உயரத்துக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க 15 அடியில் முடித்துவிட்டால் அதில் பலரால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது முகம் குப்புற விழ வேண்டியதுதான். இங்கே நானே ஏறினேன், நானே இறங்கினேன். மேலே ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி விளிம்புத் தடுப்பு இருந்தது, வெயிலுக்கு ஒரு பக்கம் கூரையும் போட்டிருந்தார்கள்.

அந்த உயரம் எதற்கு என்று கேட்டால் பார்க்கத்தான் என்பார்கள். பார்க்க மட்டும் இல்லை, கேட்கவும்தான். இதை நான் நன்றாக அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன். நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் என் காது மற்றவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கும். பாஸ் என்கிற தாழ்ந்த ஒலி உடம்புகளைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும், 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர், ஓர் ஆள் அதற்குத் தடையே இல்லை. கூர்மையான ஒலியில், 5,000 ஹெர்ட்ஸில், அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான், அதை முன்னால் நிற்கிறவரின் முதுகும் சட்டையும் விழுங்கிவிடும். அதனால் கீழே எனக்கு டிரம்ஸின் இடி கேட்கும், பாடுகிறவரின் சொல் கேட்காது. சிம்பல் கேட்காது, வயலினில் வில் உரசும் அந்த மெல்லிய கரகரப்பு கேட்கவே கேட்காது. பார்வை மேடை ஏறின உடனே காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி இருந்தது. அதுவும் ஒலிக்கலவை செய்பவர்களின் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேடையைப் போட்டிருந்தார்கள். ஒலியைச் சரி செய்கிறவர் எங்கே நின்று கேட்கிறாரோ அங்கேதான் நாமும் கேட்கிறோம், இதைவிட நல்ல இடம் திடலில் கிடையாது. அமெரிக்காவின் 2010 அணுகல் விதிகளில், கூட்டம் எழுந்து நிற்கும் என்று தெரிந்த இடங்களில் நிற்கிறவர்களின் தலைக்கு மேலாக வீல்சேரில் இருப்பவருக்குப் பார்வை கிடைக்க வேண்டும் என்றே இருக்கிறது. பார்வை என்று எழுதியிருக்கிறார்கள், நான் அதோடு காதையும் சேர்த்துக்கொள்வேன்.

ஆனால் துணைக்கு ஒருவர்தான் மேலே வரலாம். நாங்கள் நான்கு பேர் போனோம், மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். மாற்றி மாற்றி வந்தார்கள். நான் பல வருடமாகக் காத்திருந்த ஒரு பாட்டு தொடங்கியபோது அதை என்னோடு சேர்ந்து கேட்க வேண்டிய சிநேகிதி கீழே எங்கேயோ கூட்டத்துக்குள் இருந்தாள், கைபேசி வெளிச்சத்தைத் தூக்கி ஆட்டினாள், ஆயிரம் வெளிச்சத்தில் அவளுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் தனியாகக் கேட்டால் இன்னும் துல்லியமாகவே கேட்கலாம், இசைவிழாவுக்குப் போவது கூட இருப்பதற்காக. மேடையின் அளவு சின்னது, எல்லோரும் நான்கு பேரைக் கூட்டிவந்தால் இடம் போதாது என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் மேடையை ஒட்டியே கீழே கயிறு கட்டிக் கொஞ்சம் இடம் விடலாமே. எட்டிக் கைகொடுக்கிற தூரத்தில் அவள் இருந்திருந்தால் போதும்.

அடுத்து கழிப்பறை. இதை விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நடப்பவர்களுக்கு இது சங்கடமான விஷயம் மட்டும்தான், என்னைப் போன்றவர்களுக்கு உயிர் விஷயம். தண்டுவடத்தில் மார்பின் நடுப்பகுதிக்கு மேலே, மருத்துவர்கள் டி6 என்று சொல்லும் இடத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழியில்லாமல் நின்றால் ரத்த அழுத்தம் திடீரென்று மிக மோசமாக ஏறும். தலை பிளக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், உடனே சரி செய்யாவிட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவு வரலாம். சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு எனக்குக் கிடையாது, கடிகாரம் பார்த்துத்தான் குழாய் போட்டு எடுக்கிறேன். அதற்குச் சுத்தமான கை வேண்டும், சாமான்களை வைக்க ஒரு தட்டு வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியைத் திருப்ப ஏறத்தாழ 5 அடி விட்டத்துக்கு இடம் வேண்டும். முதல் நாள் போனபோது அந்தக் கழிப்பறை சுத்தமாக, பெரிதாக, தரையோடு தரையாக இருந்தது. சாயங்காலம் போனபோது வாசலில் எட்டுப் பேர் வரிசை. யாருக்கும் வீல்சேர் இல்லை. வெளியே தெரியாத குறைபாடு பலருக்கு இருக்கும், அதனால் யாரையும் நான் கேள்வி கேட்பதில்லை, ஆனால் அந்த வரிசையில் இரண்டு பேர் "அங்கே ரொம்பக் கூட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றார்கள். என் தங்கை போய்ச் சத்தமாகக் கேட்டாள், விலகினார்கள். மறுநாள் காலையில் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைப் பார்வை மேடைத் தன்னார்வலரிடம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் புகார் சொன்னதால் நடந்தது அது. சொன்னால் நடக்கும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டால் கழிப்பறைத் தொல்லை இல்லையே என்று சிலர் செய்வார்கள், நானும் முன்பு செய்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அடிபட்ட இடத்துக்குக் கீழே எனக்கு வியர்க்காது. உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது. வெயிலில் ஒரு மணி நேரம் இருந்தால் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு கொதிக்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி முகத்திலும் கையிலும் அடித்துக்கொண்டே இருந்தேன், கழுத்தில் ஈரத்துணி. இன்னொன்று, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கைபேசி அதிரும்படி வைத்திருந்தேன். அது அதிர்ந்தால் முன்னால் குனிந்து, அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்காருமிடத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும், வந்தால் ஆற மாதக்கணக்காகும். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அதிர்ந்தாலும் குனிந்துவிடுவேன். குனிந்தபடியே கேட்பேன்.

இரண்டாம் நாள் விடிகாலையில் மழை. அதற்கு மேல் அந்தத் திடலைச் சமதளம் என்று யாருமே சொல்ல முடியாது. பல்லாயிரம் கால்கள் மிதித்த ஈரப்புல் இரண்டு மணி நேரத்தில் களிமண்ணாகிவிடும். பெரிய சக்கரத்தை ஒட்டிக் கையால் பிடித்துத் தள்ளுகிற தள்ளுவளையத்தில் சேறு ஏறிவிட்டால் கை வழுக்கும், கையுறை போட்டால் கையுறையும் சேறாகும். வாசலிலிருந்து ஒரு பகுதிக்கு மட்டும் பிளாஸ்டிக் தரைப்பாய் விரித்திருந்தார்கள், ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டுகிற ரகம், அதன் மேல் சாலையில் போவது மாதிரிப் போகலாம். ஆனால் அது நூறடியில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சேறு.

சேற்றில் வீல்சேரை முன்னோக்கித் தள்ளாதீர்கள். திருப்பி, பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் முதலில் போகும், சின்னச் சக்கரம் பின்னால் சும்மா வரும். தங்கையும் ஒரு சிநேகிதியும் அப்படித்தான் என்னை இழுத்தார்கள், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வழியில் உதவிக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அத்தனை பேருக்கும் நன்றி. கூடவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கேட்காமல் நாற்காலியைப் பிடிக்காதீர்கள். ஒருவர் பின்னாலிருந்து ஓடிவந்து முழு பலத்தோடு முன்னால் தள்ளினார். மூன்றாவது சக்கரம் கால்தடம் ஒன்றில் சிக்கி நாற்காலி சட்டென்று நின்றது, நான் நிற்கவில்லை. இடுப்புப் பட்டை இருந்ததால் பாதியில் தொங்கினேன். நல்ல மனசோடுதான் செய்தார், பாவம், அவருக்கு என்னைவிட நடுக்கம். "எப்படிப் பிடிக்கட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எந்தக் கம்பியைப் பிடிக்கலாம், எது கையோடு கழன்று வரும் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

பார்வை மேடையில் முதல் நாள் பக்கத்தில் இருந்தவர் மோட்டாரில் ஓடும் பவர் வீல்சேரில் வந்திருந்தார். எனக்கு முன்பே வந்து, எனக்குப் பின்பும் இருந்தவர், எல்லாப் பாட்டுக்கும் வாயசைத்தார். அவருடைய நாற்காலி மட்டுமே 100 கிலோவுக்கு மேல், அதை யாரும் பின்னோக்கி இழுக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. இரண்டாம் நாள் அவர் தரைப்பாய் முடிகிற இடம் வரை வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று தன்னார்வலர் ஒருவர் சொன்னார். மேடையில் அவர் இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது. அத்தனை அழகாகக் கட்டிய மேடை, அதற்கு வந்து சேர இன்னும் ஐந்நூறு அடிக்குப் பாய் இல்லை. அன்று எனக்கு எந்தப் பாட்டும் சரியாக ஏறவில்லை.

மூன்றாம் நாள் வெயில் வந்து தரை கொஞ்சம் இறுகியது. பெரிய மேடையை விட்டுவிட்டுத் திடலின் ஓரத்தில் இருந்த சின்ன மேடைக்குப் போனோம். அங்கே வண்டிகள் போய்வரப் போட்ட கெட்டியான மண்பாதை மேடைக்கு முன்னாலேயே முடிகிறது, யாரும் எங்களுக்காகப் போட்டதில்லை, தற்செயல். நூறு பேர்கூட இல்லை. முன்னால் போனேன். ஒருவர் திரும்பிப் பார்த்து விலகினார், அவரைப் பார்த்து அடுத்தவர், அப்படியே தடுப்புக் கம்பி வரை வழி திறந்தது. நான்கு பேரும் ஒரே இடத்தில். 12 வருடம் கழித்துக் கம்பியைப் பிடித்தேன்.

பாஸ் அடிக்கும்போது முன்பு அது பாதத்தில் தொடங்கி ஏறும். இப்போது பாதம் சொல்வது எனக்குக் கேட்காது. ஆனால் தள்ளுவளையத்தில் கை வைத்தால் நாற்காலியின் சட்டம் முழுக்க நடுங்குவது உள்ளங்கைக்கு வருகிறது, அங்கிருந்து முழங்கை, தோள், கழுத்தெலும்பு. நெஞ்சின் மேற்பகுதியில் உணர்வு இருக்கிறதே, அதில் வந்து முட்டுகிறது. ஒவ்வோர் அடிக்கும் என் கால்கள் தாமாகத் துள்ளின, தசை இறுக்கத்தால் வருவதுதான், வழக்கமாக எனக்கு எரிச்சல் தரும் விஷயம். அன்று தடுத்துப் பிடிக்கவில்லை, துள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே இருந்தபோது அமெரிக்கப் பாடகர் டெடி பெண்டர்கிராஸ் ஞாபகம் வந்தது. 1982இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, 1985 ஜூலை 13 அன்று ஃபிலடெல்ஃபியாவில் லைவ் எய்ட் திறந்தவெளி நிகழ்ச்சியில் வீல்சேரில் வந்து பாடியவர். அடிபட்ட முதல் வருடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அந்தச் சின்ன மேடையைப் பார்த்தேன், பின்பக்கம் மூன்று மரப்படி, சாய்தளம் இல்லை. பாட வருகிறவரும் வீல்சேரில் வரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நடத்துபவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சேர்த்திருக்கிறேன்.

கடைசி நிகழ்ச்சிக்குப் பெரிய மேடைக்கே திரும்பினோம். முடிந்து, கூட்டம் வடியட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கினால், வாசல் பக்கத்துத் தரைப்பாயைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விழா முடிந்துவிட்டது, அவர்கள் வேலை அவர்களுக்கு. கீழே மண் இன்னும் காயவில்லை, பாய் போட்டிருந்ததால் அங்கேதான் ஈரம் அதிகம். தங்கை ஓடிப்போய்ச் சொன்னாள். ஏற்றுகிற வேலையிலிருந்த பையன்கள் மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள், லாரியைப் பார்த்தார்கள். மிச்சம் தரையில் இருந்தது நான்கு பாய். அதில் ஒருவன், இருபது வயதுதான் இருக்கும், "அக்கா, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு அந்த நான்கையும் இழுத்துவந்து எனக்கு முன்னால் வரிசையாகப் போட்டான். ஏறினேன். நான் தாண்டிய பாயை இரண்டு பேர் பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிப் போட்டார்கள். அடுத்ததில் ஏறினேன், அதற்குள் பின்னால் இருந்தது முன்னால் வந்துவிட்டது. என்னை யாரும் தள்ளவில்லை, யாரும் தொடவில்லை. கைபேசி வெளிச்சத்தில் வாசல் வரை அப்படியே, நான்கு பாயை மாற்றி மாற்றி, நானே தள்ளிக்கொண்டு வந்தேன்.